பல் கிளினிக் சேருக்கு எந்த ரெக்சின்?

கேள்வி: சேலம் அஸ்தம்பட்டியில் பல் கிளினிக் வைத்திருக்கிறேன். சேர் வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, ஹெட்ரெஸ்ட் மட்டும் விறைத்து வெடித்துவிட்டது. சீட் நன்றாகத்தான் இருக்கிறது. குஷன் கடையில், "பியூ லெதர் போட்டுக்கோங்க டாக்டர், தொட்டாலே மெத்துனு இருக்கும்" என்கிறார்கள். போடலாமா?

பதில்: அட்வான்ஸ் கொடுப்பதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஹெட்ரெஸ்ட் முதலில் போனதற்கு இரண்டு காரணங்கள்: வருகிறவர்களின் தலையில் இருக்கும் தேங்காய் எண்ணெய், அதைத் துடைக்க நீங்கள் எடுக்கும் ஸ்பிரிட். ரெக்சின் என்பது துணிமேல் ஏற்றிய பிவிசி. பிவிசி இயல்பில் விறைப்பானது. அதில் கலந்திருக்கும் இளக்கிதான் அதை வளைய வைக்கிறது. எண்ணெயும் ஆல்கஹாலும் அந்த இளக்கியைச் சிறிது சிறிதாக வெளியே இழுத்துவிடும். மிச்சம் நிற்பது காய்ந்த பிளாஸ்டிக்; தலை அழுந்தும் இடத்தில் அது கீறல் விடும். கீறலுக்குள் எச்சிலும் ரத்தமும் இறங்கினால் எந்த மருந்து போட்டுத் துடைத்தும் பயனில்லை, கவரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

பியூ லெதர் என்பது துணிமேல் ஏற்றிய பாலியூரித்தேன். அதற்கு வேறு நோய். மலிவான ரகம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே சிதைந்து, மேல்தோல் செதில் செதிலாக உரியும். பிளீச் கரைசலும் அதற்கு ஆகாது. பாலிகார்பனேட் பியூ என்ற ரகம் ஈரத்தை நன்றாகத் தாங்கும், ஆனால் அதுதான் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிக்கான் பூசிய துணியில் இளக்கியே கிடையாது. ஸ்பிரிட்டையும் நீர்த்த பிளீச்சையும் தாங்கும், விலைதான் கடிக்கும். என் யோசனை: சீட்டுக்கும் முதுகுக்கும் மருத்துவ உபயோகத்துக்கென்றே விற்கும் பிவிசி, ஹெட்ரெஸ்டுக்கு மட்டும் சிலிக்கான். அதற்கு அரை மீட்டருக்குள்தான் ஆகும்.

மெத்தென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். உள்ளங்கை அளவு சாம்பிள் வாங்கி, நீங்கள் தினமும் துடைக்கும் அதே மருந்தில் நனைத்த பஞ்சை அதன்மேல் வைத்து, காயாதபடி மூடி 24 மணி நேரம் விடுங்கள். பிறகு உலர்த்தி, பூச்சு வெளிப்பக்கம் இருக்கும்படி இரண்டாக மடித்து அழுத்திப் பாருங்கள். மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்தாலோ, விரல் ஒட்டினாலோ, பஞ்சில் சாயம் இறங்கியிருந்தாலோ அந்த ரகம் உங்களுக்கு வேண்டாம்.

தையல்தான் பலரும் கவனிக்காத இடம். ஊசி போட்ட ஒவ்வொரு துளையும் ஈரம் ஃபோமுக்குள் இறங்கும் வழி. தலையும் இடுப்பும் படும் பரப்பில் தையலே வராமல், ஓரத்தில் இறக்கித் தைக்கச் சொல்லுங்கள். அங்குலத்துக்கு 6, 7 தையல் போதும். நெருக்கிப் போட்டால் தபால் தலை மாதிரி அந்தக் கோட்டிலேயே கிழியும். நூல் பாலியஸ்டராக இருக்கட்டும், நைலானை பிளீச் தின்றுவிடும். ஓரத்தில் கயிறு வைத்துத் தைக்கும் பைப்பிங்குக்குள் பருத்திக் கயிறு வேண்டாம், அது திரிபோல ஈரத்தை இழுக்கும். அடிப்பலகையில் இரண்டு மூன்று காற்றுத் துளைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஆள் உட்காரும்போதெல்லாம் உள்ளே அடைபட்ட காற்று தையலைத்தான் பிளக்கும்.

கேள்வி: உட்கார்ந்தால் பலகை இடிக்கிறது என்று வயதானவர்கள் சொல்கிறார்கள். ஃபோமைத் தடிமனாகப் போட்டால் சரியாகுமா?

பதில்: சீட்டில் கொஞ்சம் கூட்டலாம். முதுகுப் பக்கம் கூட்டவே கூடாது. அங்கே தடிமன் ஏறினால் உங்கள் முழங்கால் அடியில் நுழையாது, தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்ய வேண்டிவரும். கூட்ட வேண்டியது டென்சிட்டியை. சீட்டுக்கு 40 டென்சிட்டி, அதாவது கன மீட்டருக்கு 40 கிலோ எடையுள்ள ஃபோம் கேளுங்கள். கேட்டதோடு நிற்காமல் எடை போடுங்கள். ஒரு அடிக்கு ஒரு அடி, 2 அங்குலத் தடிமன் துண்டு 40 டென்சிட்டி என்றால் சுமார் 190 கிராம் இருக்கும். 130 கிராம்தான் காட்டுகிறது என்றால் அது 28. சீக்கிரமே அமுங்கிப் பலகை தட்டும்.

கேள்வி: ஏற்காட்டில் கிளினிக். மழைக்காலத்தில் சேரிலிருந்து பூஞ்சை வாடை வருகிறது. மெமரி ஃபோமுக்கு மாறலாமா?

பதில்: வேண்டாம். மெமரி ஃபோம் குளிரில் இறுகும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் காலையில் முதலில் வருபவருக்கு அது பலகை மாதிரிதான் இருக்கும். வாடை பெரும்பாலும் அடிப்பலகையிலிருந்தும் ரெக்சினின் பருத்திப் பின்துணியிலிருந்தும் வரும். ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போட்டு, வெட்டிய ஓரங்களுக்கு வார்னிஷ் அடித்து, எவர்சில்வர் ஸ்டேப்ளர் பின்களைக் கொண்டு அடிக்கச் சொல்லுங்கள். பின்துணி பாலியஸ்டராக இருக்கட்டும். பூஞ்சை பிடித்த பழைய ஃபோமை வெயிலில் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள். ராத்திரியில் சேரை பிளாஸ்டிக் ஷீட்டால் மூடும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள்.

கேள்வி: 'கிருமி அண்டாத ரெக்சின்' என்று மீட்டருக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

பதில்: அந்தப் பணத்துக்கு ஹெட்ரெஸ்ட் உறை வாங்கி, ஆளுக்கு ஒன்று மாற்றுங்கள். எந்த ரெக்சின் போட்டாலும் துடைக்கும் வேலை குறையாது. முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு கிருமிநாசினி. அதை பாட்டிலில் குறிப்பிட்ட நேரம் ஈரமாக விட்டு, கடைசியில் வெறும் தண்ணீரில் துடைத்தெடுக்க வேண்டும். தினசரிக்கு ஆல்கஹால் கலக்காத குவாட்டர்னரி அம்மோனியம் ரகக் கிருமிநாசினி ரெக்சினுக்கு நல்லது. பிளீச் என்றால், 5 சதவீதக் கரைசல் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு, அன்றன்றைக்குக் கலந்தது. துணியில் நனைத்துத் துடையுங்கள். நேராக ஸ்பிரே அடித்தால் தையல் வழியே உள்ளே போய்விடும்.