முதலில் நர்ஸிங் பட்டமா, உயிரியல் பட்டமா? அமெரிக்காவில் வாழும் ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா அவர்களுக்கு,

நோயாளியைத் தானே பரிசோதித்து மருந்து எழுதித் தரும் பணி வேண்டும், ஆனால் மருத்துவப் படிப்பின் நீண்ட ஆண்டுகள் வேண்டாம் என்று பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் உங்கள் மகள் சொல்வது தெளிவான விருப்பம்தான். அத்தகைய பணிகளான நர்ஸ் பிராக்டிஷனர் (மேற்படிப்பு முடித்து சிகிச்சை தரும் செவிலியர்), பிசிசியன் அசிஸ்டன்ட் (மருத்துவருடன் இணைந்து சிகிச்சை தருபவர்) இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த இளநிலைப் படிப்பில் சேர்வது என்பதே இந்த ஆண்டு நீங்கள் தீர்மானிக்க வேண்டியது என்பதால் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

இரு பணிகளும் 1965இல் தொடங்கியவை. கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் அனுபவமுள்ள செவிலியர்களுக்கு மேற்பயிற்சி அளித்து நர்ஸ் பிராக்டிஷனர் பணியைத் தொடங்கினார்கள். டியூக் பல்கலைக்கழகத்தில் யூஜின் ஸ்டெட், கடற்படையில் மருத்துவ உதவியாளர்களாக இருந்தவர்களுக்கு மருத்துவர்களின் பாடமுறையில் பயிற்சி அளித்துப் பிசிசியன் அசிஸ்டன்ட் பணியைத் தொடங்கினார். அந்த வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முதலில் செவிலியராக வேண்டும்: நான்காண்டு பி.எஸ்.என். என்னும் நர்ஸிங் இளநிலைப் பட்டம், என்கிளெக்ஸ் என்னும் செவிலியர் உரிமத் தேர்வு, பிறகு குடும்ப மருத்துவம், குழந்தைகள், மனநலம் என்று ஒரு பிரிவைத் தேர்ந்து முதுநிலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு. பின்னாளில் பிரிவை மாற்றிக்கொள்ள வேண்டுமானால் மீண்டும் படித்துச் சான்று பெற வேண்டும். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் மேற்பார்வை ஒப்பந்தம் இல்லாமலே அவர்கள் பணி செய்யலாம். பிசிசியன் அசிஸ்டன்ட் ஆக எந்தப் பாடத்திலும் இளநிலைப் பட்டம் பெறலாம். உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் போன்ற முன்தேவைப் பாடங்களை முடித்து, சுமார் 27 மாத முதுநிலைப் படிப்பும் பான்ஸ் என்னும் தகுதிச் சான்றுத் தேர்வும் முடித்தால், அறுவை சிகிச்சையிலிருந்து தோல் மருத்துவத்துக்கு மாறுவதற்குக்கூடப் புதிய பட்டம் தேவையில்லை.

பெற்றோர் பெரும்பாலும் கவனிக்கத் தவறுவது, பிசிசியன் அசிஸ்டன்ட் முதுநிலைப் படிப்பில் இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் கையில் என்ன இருக்கும் என்பதை. போட்டி கடுமை, பல கல்லூரிகள் நோயாளிகளை நேரடியாகக் கவனித்த அனுபவத்தை நூற்றுக்கணக்கான மணி நேரம், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல் எதிர்பார்க்கின்றன. வெறும் உயிரியல் பட்டத்துடன் நிற்கும் 22 வயதுப் பிள்ளைக்கு மருத்துவமனையில் கிடைப்பவை குறைந்த ஊதிய வேலைகளே. பி.எஸ்.என். முடித்து என்கிளெக்ஸ் தேறியவளோ பதிவுபெற்ற செவிலியராகச் சம்பாதிக்கலாம். பல மருத்துவமனைகள் மேற்படிப்புக் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கின்றன. பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்புக்கும் அவள் விண்ணப்பிக்கலாம்; ஆனால் நர்ஸிங் மாணவர்களுக்கான எளிய வேதியியல் பாடம் அங்கே பெரும்பாலும் ஏற்கப்படாது என்பதால், அறிவியல் மாணவர்களுக்கான வேதியியலை அவள் தனியாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே நர்ஸிங் பட்டமே பாதுகாப்பானது என்பது என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனையுடன். இரவுப் பணியும், நோயாளியின் உடலைத் துடைத்துவிடுவதும், மரணத்தின் அருகில் நிற்பதும் உள்ளடங்கிய செவிலியர் பணியைச் சில ஆண்டுகளாவது மனமொப்பிச் செய்ய அவள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தப் பணியை வெறும் படிக்கட்டாக நினைக்கும் பிள்ளை அங்கே மிகவும் வாடிப்போவாள். அவளுக்கு மற்ற வழியே நல்லது. கோடையில் ஒரு முதியோர் இல்லத்தில் தன்னார்வலராக இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

உங்கள் மகள் எச்-4 விசாவில் (எச்-1பி பணி விசாவில் இருப்பவரின் மனைவி அல்லது கணவர், பிள்ளைகளுக்கானது) இருந்தால் கணக்கு மாறும். எச்-4 பிள்ளைகள் ஊதியத்துக்கு வேலை செய்ய முடியாது. 21 வயதில் அந்த விசாத் தகுதியும் முடிந்துவிடும். எனவே மருத்துவமனை உதவியாளராகவோ ஆம்புலன்ஸிலோ சம்பளத்துக்கு வேலை செய்து அனுபவ நேரம் சேர்க்கும் வழி அவளுக்கு அடைபட்டிருக்கும். நர்ஸிங்கில் மருத்துவமனைப் பயிற்சி பாடத்திட்டத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது. அரசுக் கல்விக் கடனும் அவளுக்குக் கிடைக்காது. குடியுரிமை உள்ளவர்களுக்கும், முதுநிலைப் படிப்பின் முழுச் செலவையும் ஈடுகட்டிவந்த கிராட் பிளஸ் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் பெறுவோருக்கு இல்லை. முழுநேரப் பிசிசியன் அசிஸ்டன்ட் படிப்பின்போது வேலைக்குப் போவது பெரும்பாலும் இயலாது என்பதால், அந்தச் செலவை இப்போதே எழுதிப் பாருங்கள்.

கல்லூரிகளைப் பார்க்கும்போது, நர்ஸிங் இடம் முதலாண்டிலேயே உறுதியா, இரண்டாண்டு கழித்து மீண்டும் போட்டியிட வேண்டுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். என்கிளெக்ஸ் தேர்வில் முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் விகிதத்தையும் கேளுங்கள். பள்ளி முடித்ததும் நேரடியாகச் சேரும் பிசிசியன் அசிஸ்டன்ட் கூட்டுப்படிப்புகள் சில உண்டு. அவற்றில் எந்த மதிப்பெண்ணுக்குக் கீழே போனால் இடம் பறிபோகும் என்பதைக் கையெழுத்திடுமுன் படித்துவிடுங்கள்.