வாசகர் கேள்வி: ஹஜ்ஜுப் பெருநாள்

கேள்வி: நாங்கள் ஹனஃபி மத்ஹபு (இஸ்லாமியச் சட்டப் பிரிவு). பெருநாளுக்கு மனைவியின் ஊரான கீழக்கரைக்குப் போகிறேன். அங்கே தொழுகை நடத்துபவர் ஷாஃபி மத்ஹபு இமாம். தொழுகையில் தக்பீர் (‘அல்லாஹு அக்பர்’ சொல்வது) கூடுதலாமே, நான் என்ன செய்வது? – வாசகர், கம்பம்

பதில்: இமாமைப் பின்பற்றுங்கள், அவ்வளவுதான். எண்ணிக்கையை விட, தக்பீர் வரும் இடம்தான் ஆளைத் தடுமாற வைக்கும். உங்கள் ஊரில் முதல் ரக்அத்தில் (தொழுகையின் ஒரு சுற்று) ஃபாத்திஹாவுக்கு (குர்ஆனின் முதல் அத்தியாயம்) முன் கூடுதலாக மூன்று. இரண்டாவதில் குர்ஆன் ஓதி முடித்தபின், ருகூஃவுக்கு (குனிந்து நிற்பது) முன் மூன்று. கீழக்கரையில் முதலில் ஏழு, அடுத்ததில் ஐந்து, இரண்டுமே ஃபாத்திஹாவுக்கு முன். ஆகவே இரண்டாம் ரக்அத்துக்கு எழுந்து நின்றதுமே தக்பீர் தொடங்கிவிடும். ஓதி முடிந்தபின் வருவது ருகூஃவுக்கான தக்பீர். இன்னும் மூன்று வருமென்று நின்றால் முன்வரிசை குனிந்திருக்கும்.

கீழக்கரை மச்சான் கம்பத்துக்கு வந்தால் கதை தலைகீழ். ஓதி முடிந்து முதல் தக்பீர் கேட்டதுமே குனிந்துவிடுவார். அந்த மூன்றுக்கும் கையை உயர்த்தித் தொங்கவிட வேண்டும்; நான்காவதுக்குத்தான் ருகூஃ. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் பெருநாள் தொழுகைத் திடலுக்கு வருபவர்களுக்கும் இதே இடத்தில்தான் சறுக்கும்.

கேள்வி: ஆட்டின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது? காது வெட்டிய ஆடு குர்பானிக்கு (பெருநாள் பலி) செல்லுமா? – வாசகி, மேலப்பாளையம்

பதில்: வாயைத் திறந்து கீழ் முன்பல்லைப் பாருங்கள், ஆட்டுக்கு மேல் முன்பல் கிடையாது. எட்டும் சின்னச் சின்னதாக இருந்தால் பால்பல், விட்டுவிடுங்கள். நடுவில் இரண்டு மட்டும் அகலமாக முளைத்திருந்தால் ‘ரெண்டு பல்’, ஒரு வயது தாண்டியது. ஹனஃபிக்கு வெள்ளாட்டில் அது போதும். ஷாஃபிக்கு இரண்டு வயது நிறைய வேண்டும். எனவே நாலு பல் பாருங்கள், வளர்த்தவரிடம் குட்டி போட்ட மாதத்தையும் கேளுங்கள்.

மந்தை அடையாளத்துக்காகக் காதைக் கீறுவதும் துளைப்பதும் உண்டு. சதை குறையாத வரை செல்லும். துண்டு போயிருந்தால் ஷாஃபியில் செல்லாது. ஹனஃபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் செல்லாது. காயடித்த கிடாவுக்குத் தடையில்லை. நொண்டி, குருடு, எலும்பும் தோலுமானது வேண்டாம்.

கேள்வி: அறுப்பவருக்குத் தோலையே கூலியாகக் கொடுக்கலாமா? – வாசகர், திருச்சி

பதில்: கூடாது. கூலியைப் பணமாகத் தனியே கொடுங்கள். தோலைத் தர்மமாகக் கொடுக்கலாம். மதரஸாவுக்கு அனுப்புவதானால் அன்றே அனுப்புங்கள். தாமதமானால் சதைப்பக்கம் முழுக்கக் கல்லுப்பு தேயுங்கள். வெயிலில் சுருட்டிப் போட்டால் முடி கையோடு வரும், அப்புறம் வாங்க ஆளிருக்காது.