ஷிகாட்சே கோட்டை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அடுத்த ஆண்டு திபெத் போகும் குழு ஒன்றில் நானும் மனைவியும் சேர்ந்திருக்கிறோம். ஷிகாட்சேயில் ஓர் இரவு தங்கல். அங்கே குன்றின்மேல் தெரியும் கோட்டை புதிதாகக் கட்டியது, வெறும் கான்கிரீட், பார்க்க ஒன்றுமில்லை என்கிறார் போய்வந்த நண்பர். அதற்கு நேரம் ஒதுக்கலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கான்கிரீட் என்பது உண்மைதான். 2005க்கும் 2007க்கும் இடையே ஷாங்காயிலிருந்து வந்த பணத்தில், பழைய புகைப்படங்களை வைத்துக் கட்டினார்கள். மேலே கல் பதித்திருக்கிறது. ஆனால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது.

ஷிகாட்சேயைச் சுற்றியுள்ள த்சாங் பகுதியின் அரசர்களுக்குத் தலைமையிடம் அது. 1642இல் மங்கோலியத் தலைவன் குஷ்ரி கான் கடைசி த்சாங் அரசனைத் தோற்கடித்து, திபெத்தை ஐந்தாம் தலாய் லாமாவிடம் ஒப்படைத்தது இந்தக் கோட்டையில்தான், லாசாவில் அல்ல. லாசாவில் இன்று நாம் பார்க்கும் பொட்டாலாவை, அதாவது தலாய் லாமாக்களின் அரண்மனையை, கட்டத் தொடங்கியதே 1645இல். ஷிகாட்சே கோட்டையைப் பலரும் ‘குட்டிப் பொட்டாலா’ என்பார்கள். வயதில் இதுதான் அண்ணன்!

அப்புறம் 1961. சீன நிர்வாகத்தின் ஏவலில் நூற்றுக்கணக்கான திபெத்தியர்களே அதைக் கல் கல்லாகப் பிரித்துப்போட்டார்கள். நாற்பது வருடத்துக்கும் மேல் குன்றில் இடிபாடுதான் கிடந்தது. எந்த ஆட்சியில் இடித்தார்களோ அதே ஆட்சியில் திரும்பக் கட்டியிருக்கிறார்கள். கான்கிரீட்டைக் குறை சொல்வதோடு நின்றுவிட்டால் இந்தக் கதை விட்டுப்போகிறது.

உள்ளே போவது முக்கியமில்லை. 1447இல் தொடங்கிய டாஷிலுன்போ மடம் பக்கத்திலேயே இருக்கிறது, தலாய் லாமாவுக்கு அடுத்த நிலையில் வைக்கப்படும் பஞ்சென் லாமாக்களின் மடம். அதைச் சுற்றிப் பக்தர்கள் வலம் வரும் பாதை பின்பக்கக் குன்றில் ஏறும். அங்கிருந்து ஒரு கிளை கோட்டையை நோக்கி இறங்கும். அந்த வழியாகப் போங்கள், கோட்டை நன்றாகத் தெரியும். ஊரே 3,800 மீட்டருக்கு மேல் என்பதால் மூச்சு வாங்கும், வந்து இறங்கிய உடனே கிளம்ப வேண்டாம். வெளிநாட்டவர் அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் இல்லாமல் திபெத்தில் சுற்ற முடியாது. எனவே இந்த நடையைப் பயணத்திட்டத்தில் சேர்க்கச் சொல்லி இப்போதே கேட்டுவிடுங்கள்.

பழைய சுவரைத்தான் பார்க்க வேண்டும் என்றால் சுமார் 90 கிலோமீட்டர் தள்ளி க்யான்ட்சே கோட்டை இருக்கிறது. 1904 ஜூலையில், திபெத்துக்குள் புகுந்த பிரிட்டிஷ் தூதுக்குழுவின் தலைவர் யங்ஹஸ்பண்டோடு வந்த பிரிட்டிஷ் இந்தியப் படை பீரங்கியால் சுவரை உடைத்து ஏறிய கோட்டை. அதுவும் அடிபட்டுப் பழுதுபார்த்ததுதான், ஆனால் ஷிகாட்சே அளவுக்கு அடியோடு போகவில்லை. லாசாவிலிருந்து ரயிலில் வந்தால் அது வழியில் வராது. சாலை வழியாக வரும் குழுவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.