கார் ரிமோட் பழுதானால் திருத்தலாமா, புதுத் திறப்புத்தான் எடுக்க வேண்டுமா?

திறப்போடு சேர்ந்த ரிமோட், பூட்டும் பொத்தான் சரி, திறக்கும் பொத்தானை மட்டும் நாலைந்து தரம் அமுக்க வேண்டியிருக்கிறது, கடையில் புதுத் திறப்பு எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அவசரப்பட்டுக் காசு கட்டாதீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் காருக்கும் இதே கதைதான்.

பற்றரி தீர்ந்தால் இரண்டு பொத்தானும் சேர்ந்தே சோரும். ஒன்று மட்டும் அடம்பிடித்தால் அனேகமாக அந்தப் பொத்தானுக்குக் கீழே இருக்கும் குட்டிச் சுவிச்தான் போயிருக்கும். ஆனாலும் பற்றரியை ஒருமுறை பாருங்கள். பற்றரியின் மேல் சிஆர் 2032 என்று இருந்தால் 20 மில்லிமீற்றர் அகலம், 3.2 மில்லிமீற்றர் தடிப்பு. அதே அகலம்தானே என்று 2016ஐப் போட்டால் பாதித் தடிப்புத்தான், தொடுப்பு ஒழுங்காகப் படாது. இரண்டாவது ரிமோட் இருந்து அதுவும் இப்படியே செய்தால் பழுது காரின் பக்கம்.

நான் சாப்பாட்டு மேசையில் வைத்து எங்களுடையதைப் பிரித்தேன். டோர்ச் வெளிச்சத்தில் பார்த்தால் சுவிச்சின் ஒரு காலைச் சுற்றி ஈயத்தில் மயிரிழை வெடிப்பு. பல்லுக்குச்சியால் தொட்டதும் சுவிச் ஆடியது. காலி வீதியில் போன் திருத்தும் கடைத் தம்பியிடம் கொடுத்தேன். “அண்ணா, மற்றதும் கெதியில போகும், ரெண்டையும் மாத்திவிடுறன்” என்றார். மாற்றி இரண்டு வருசமாகிறது, ஒரு குறையும் இல்லை. அந்தச் சுவிச்சின் விலை புதுத் திறப்பின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

ரிமோட்டின் வெளிக்கூடு உடைந்து புதுக் கூடு போடுவதென்றால் ஒரு விசயத்தில் மிகக் கவனம். கார் ஸ்டார்ட் ஆவதற்கு வேண்டிய சிப் பல திறப்புகளில் தனியாக, அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிய கறுப்புத் துண்டாகக் கூட்டுக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குப் பற்றரியும் தேவையில்லை. மச்சானின் காருக்குக் கூடு மாற்றியவர் அதைக் கழற்றாமல் பழைய கூட்டைக் குப்பையில் போட்டுவிட்டார். கதவு திறந்தது, என்ஜின் பிடிக்கவில்லை. குப்பைக் கூடையைக் கொட்டித்தான் சிப்பைத் தேடி எடுத்தோம். பழைய கூட்டை எப்போதும் கையோடு வாங்கி வாருங்கள்.

உள்ளே இருக்கும் மின்சுற்றுத் தகடே கருகி, உப்புத்தண்ணீர் தின்று போயிருந்தால் ரிமோட்டை மாற்றத்தான் வேண்டும். கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் விசாரியுங்கள். ஒன்லைனில் வாங்குவதென்றால் அலைவரிசையைப் பாருங்கள்: ஜப்பான் உள்நாட்டுக்குச் செய்த கார்களில் பெரும்பாலும் 315 மெகாஹேர்ட்ஸுக்குக் கிட்ட, ஐரோப்பியக் கார்களில் 433.92. வெளியே ஒரே மாதிரி இருந்தாலும் ஒன்று மற்றதற்குப் பேசாது. பாவித்த ஸ்மார்ட் கீயையும் (பையில் இருந்தாலே காரை ஸ்டார்ட் பண்ணவிடும் திறப்பு) யோசித்து வாங்குங்கள், பழைய காரோடு பதிந்தது இலேசில் விடாது.

உங்களிடம் ஒரே திறப்புத்தான் என்றால், இது வேலை செய்யும்போதே இரண்டாவதைச் செய்துவிடுங்கள். ஒன்று கையில் இருக்கும்போது புதியதைக் காரின் நினைவில் பதிவது சுலபம், எல்லாம் தொலைந்த பிறகு செலவும் அலைச்சலும் பல மடங்கு. பதிவதற்குக் காரையே கொண்டுபோக வேண்டும், பதிவுப் புத்தகப் பிரதியும் அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். முன்பு தொலைத்த திறப்பு ஏதும் இருந்தால் அதையும் காரின் நினைவிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள்.