மெஷினா, டையா: முதலில் எதற்குப் பணம் போடுவது?

கேள்வி: கோவை கணபதியில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். கையால் அழுத்தும் மோல்டிங் மெஷினில் நைலான் புஷ் அடித்துக் கொடுக்கிறேன். இப்போது ஒரு மசாலாக் கம்பெனி, டப்பாவுக்கு 120 மி.மீ. விட்டமுள்ள பாலிபுரொப்பிலீன் மூடி மாதம் 1 லட்சம் கேட்கிறது. மூடியின் கனம் 1.5 மி.மீ. ஒரு புரோக்கர் 80 டன் பழைய மெஷினைக் காட்டி, "உடனே முடித்துவிடுங்கள், டையை (மூடிக்கு வடிவம் கொடுக்கும் அச்சை) அப்புறம் யாரிடமும் செய்துகொள்ளலாம்" என்கிறார். 80 டன் போதுமா? செலவைக் குறைக்க ஒரு கேவிட்டி (மூடி உருவாகும் குழி) மட்டும் உள்ள டை போட்டால் போதாதா? இப்போது அவர்களுக்கு மூடி கொடுப்பவரின் சரக்கு நடுவில் குழிந்து, டப்பாவில் சரியாக உட்காரவில்லையாம். அது ஏன் என்றும் சொன்னால், நான் அந்தத் தப்பைச் செய்யாமல் இருப்பேன்.

பதில்: புரோக்கர் சொன்னதை அப்படியே தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் டை. அதை யாராவது ஒருவரின் மெஷினில் ஜாப் ஒர்க்காகக் கொடுத்து இரண்டு மூன்று மாதம் ஓட்டுங்கள். மெஷின் அதற்குப் பிறகு. எந்த மெஷின் வேண்டும் என்பதை அந்த டையே சொல்லிவிடும். மெஷினை முதலில் வாங்கிவிட்டால், அதற்குள் அடங்குகிற மாதிரி டையைச் சுருக்க வேண்டி வரும். கடைசியில் தேறுவது மூடியல்ல, சமரசம்தான்.

சரி, உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 120 மி.மீ. வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 113 சதுர செ.மீ. இந்தக் கனத்தில் பாலிபுரொப்பிலீனுக்கு ஒரு சதுர செ.மீ.க்கு 0.3 முதல் 0.4 டன் வரை பூட்டும் விசை, அதாவது டை திறந்துவிடாமல் மெஷின் இறுக்கிப் பிடிக்கும் விசை, வேண்டும். மெஷினுக்குச் சொல்லும் டன் கணக்கு இதுதான். ஒரு மூடிக்கு 34 முதல் 45 டன். ஒரு கேவிட்டிக்கு 80 டன் தாராளம். இரண்டு கேவிட்டி என்றால் 68 முதல் 90 டன், அதற்கு மேல் கொஞ்சம் கையிருப்பும் வேண்டும். அப்போது 100, 110 டன் மெஷின்தான் சரிவரும். 80 டன்னில் இரண்டு கேவிட்டியை ஓட்டினால், பிளாஸ்டிக்கை உள்ளே பாய்ச்சும் நொடியில் டை மயிரிழை அளவு திறக்கும். பாலிபுரொப்பிலீன் உருகினால் தண்ணியாக ஓடுகிற ஜாதி. அந்த இடைவெளியே போதும், மூடியைச் சுற்றிப் பிசிறு கட்டும். அப்புறம் பிளேடு வைத்துக்கொண்டு ஆள் உட்கார வேண்டியதுதான்.

ஒரு கேவிட்டியே போதுமே என்கிறீர்களா? ஒரு ஷாட்டுக்கு, அதாவது டை ஒருமுறை மூடி நிறைந்து திறக்க, 15 வினாடி என்று வையுங்கள். மணிக்கு 240 ஷாட். இரண்டு கேவிட்டியில் 480 மூடி. 1 லட்சத்துக்கு ஏறக்குறைய 208 மணி நேரம், அதாவது மாதம் 26 நாள், நாளுக்கு ஒரே ஷிஃப்ட். ஒரு கேவிட்டி என்றால் இதே வேலைக்கு இரண்டு ஷிஃப்ட். கரன்ட் பில்லும் ஆள் கூலியும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும். டையில் கூடுதலாகப் போடும் பணம் ஒருமுறை மட்டும். எனக்கு இதில் சந்தேகமே இல்லை, இரண்டு கேவிட்டி போடுங்கள்.

அந்த 15 வினாடி எங்கே போகிறது என்று பார்த்தால் தொழிலின் சூட்சுமம் பிடிபடும். உங்கள் கை மெஷின் உலக்கை வகை. 1872இல் அமெரிக்காவில் ஹயட் சகோதரர்கள் செல்லுலாய்டுக்காகக் காப்புரிமை வாங்கிய மெஷினின் வழித்தோன்றல்தான் அது. உலக்கை தள்ள மட்டும் செய்யும். பேரல் (மெட்டீரியலை உருக்கும் உருளை) சுவரை ஒட்டிய மெட்டீரியல் அளவுக்கு மீறிச் சூடேறும், நடுவில் இருப்பது அரைகுறையாக உருகும். நீங்கள் வாங்கப்போகும் ஸ்க்ரூ மெஷினில் கதை வேறு. ஹாப்பரிலிருந்து விழும் குருணையை ஸ்க்ரூ சுழன்று முன்னே தள்ளும்போதே அரைத்து, அழுத்தி, கலக்கி உருக்குகிறது. ஓட ஆரம்பித்த பிறகு உருக்கும் சூட்டில் பெரும்பங்கு ஹீட்டர் பேண்டிலிருந்து வருவதில்லை, இந்த உராய்விலிருந்துதான் வருகிறது. முனையில் போதுமான அளவு சேர்ந்ததும், ஸ்க்ரூவே முன்னே பாய்ந்து டைக்குள் தள்ளுகிறது. உங்கள் மூடி நிறைய ஒரு வினாடிக்கு மேல் ஆகாது. பிறகு சில வினாடிகள் ஹோல்டிங் அழுத்தம், அதாவது நிறைந்த பிறகும் விடாமல் அழுத்திப் பிடிப்பது. மீதி நேரமெல்லாம் ஆறுவதற்காகக் காத்திருப்பதும், டை திறந்து மூடி விழுந்து மறுபடி மூடுவதும்தான். ஆறும்போதே ஸ்க்ரூ பின்வாங்கி அடுத்த ஷாட்டை உருக்கி வைத்துக்கொள்ளும்.

ஆறும் நேரம் கனத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 1.5 மி.மீ. பாலிபுரொப்பிலீன் ஏறக்குறைய 4 வினாடியில் ஆறினால், 3 மி.மீ. ஆக 16 வினாடி ஆகும். அதனால் மூடியில் எங்கேயாவது "பலமாக இருக்கட்டும்" என்று கனத்தைக் கூட்டச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ளாதீர்கள். பலம் வேண்டுமானால் ரிப் (மெல்லிய முட்டு வரி) போடுங்கள். அதுவும் சுவரின் கனத்தில் பாதிக்கு மேல் போகாமல். தடித்த ரிப் இருந்தால் அதன் முதுகுப் பக்கம் பள்ளம் விழும்.

இனி குழிந்த மூடி. மாதிரியை நான் பார்க்கவில்லை. ஆனால் தட்டையான வட்ட மூடி இப்படி வளைந்தால் நான் முதலில் கேட்பது, "கோருக்கு (மூடியின் உட்புறத்தை உருவாக்கும் டைப் பகுதிக்கு) ஆற்றும் தண்ணி போகிறதா?" பலர் கேவிட்டி பக்கம் அழகாகத் தண்ணிப் பாதை துளைத்துவிட்டு, கோரை மொத்தக் கட்டையாக விட்டுவிடுகிறார்கள். மூடி சுருங்குவதோ கோரைக் கவ்விக்கொண்டுதான். சூடு அதிகம் இறங்குவதும் அங்கேதான். ஒரு பக்கம் சூடாகவும் ஒரு பக்கம் குளிராகவும் இருந்தால், சூடான பக்கம் தாமதமாக ஆறி அதிகம் சுருங்கும். மூடி அந்தப் பக்கமாக உள்வாங்கி வளையும். டை ஓடி அரை மணி நேரம் ஆனதும் நிறுத்தி, இரண்டு முகத்தையும் தொடு தெர்மாமீட்டரால் அளந்தால் விஷயம் வெளியே வந்துவிடும். 10 டிகிரி வித்தியாசம் இருந்தாலே தட்டையான மூடியில் கண்ணுக்குத் தெரியும். டை செய்பவரிடம், கோருக்குள்ளும் தண்ணி ஏறி இறங்கத் தடுப்புத் தகடு வைத்த பாதை வேண்டும் என்று வரைபடத்திலேயே போடச் சொல்லுங்கள். டை முடிந்த பிறகு கேட்டால் நடக்காது.

தண்ணியைப் பற்றி இன்னொன்று. போர் தண்ணியை நேராக விடாதீர்கள். உப்புப் படிந்து ஒரு வருஷத்தில் பாதை குறுகும், 15 வினாடி சைக்கிள் தானாகவே 20 ஆகிவிடும். யாருக்கும் காரணம் புரியாது, ஆபரேட்டரைத் திட்டுவார்கள். அந்த 5 வினாடியால் ஒரு ஷிஃப்டுக்கு 960 மூடி குறையும். மென்னீரை ஒரு தொட்டியில் வைத்துச் சுற்ற விடுங்கள். சில்லர் போட்டால், மழைக்காலத்தில் டை முகம் வேர்க்கும். வேலை நிறுத்தும்போது தண்ணியை முதலில் மூடிவிட்டு, சில ஷாட் அடித்து முகத்தைக் காயவைத்து, துருவைத் தடுக்கும் ஸ்பிரே அடியுங்கள்.

வளைவுக்கு அடுத்த காரணம் கேட், அதாவது பிளாஸ்டிக் மூடிக்குள் நுழையும் வாய், இருக்கும் இடம். வட்ட மூடிக்குப் பிளாஸ்டிக் நடுவிலிருந்துதான் பாய வேண்டும். செலவு குறைவு என்று இரண்டு தட்டு டை போட்டு ஓரத்தில் கேட் வைத்தால், ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடி நிறையும். வட்டம் லேசாக நீள்வட்டமாகிவிடும், டப்பாவில் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். இரண்டு கேவிட்டியிலும் நடுவில் கேட் வேண்டுமானால் மூன்று தட்டு டை அல்லது ஹாட் ரன்னர். ரன்னர் என்பது பிளாஸ்டிக் கேட்டுக்குப் போகும் பாதை, ஹாட் ரன்னரில் அது உறையாமல் சூடாகவே இருக்கும். இந்த அளவு ஆர்டருக்கு மூன்று தட்டு போதும். ஹாட் ரன்னரில் ரன்னர் கழிவு மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் ஹீட்டர் ஒன்று போனால் அதைச் சரிபார்க்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் வேண்டும். மூன்று தட்டு டைக்கு மெஷின் அதிகமாகத் திறக்க வேண்டும், மூடியும் ரன்னரும் தனித்தனியாக விழ இடம் வேண்டும். டன்னேஜ் சரியாக இருந்தும் திறப்பு போதாமல் திருப்பி அனுப்பப்படும் டைகள் உண்டு. மெஷினின் டை-பார் எனும் தூண்களுக்கு நடுவில் உங்கள் டை நுழைகிறதா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். இரண்டு கேவிட்டியையும் மேலும் கீழுமாக அடுக்கினால் அகலம் குறையும்.

உங்கள் மூடியின் உள்ளே டப்பாவைக் கவ்வ ஒரு வரம்பு இருக்குமே, அதைக் கோரிலிருந்து உருவி எடுக்க எஜெக்டர் பின் (மூடியைத் தள்ளிவிடும் ஊசி) வைக்காதீர்கள். பின் குத்திய இடம் வெளுக்கும், சில சமயம் துளையே விழும். விளிம்பு முழுவதையும் ஒரே சமயத்தில் தள்ளும் ஸ்ட்ரிப்பர் வளையம் போடுங்கள். பாலிபுரொப்பிலீன் வளைந்துகொடுக்கும், சின்ன வரம்பு தாண்டி வந்துவிடும்.

எஃகைப் பொறுத்தவரை, கோருக்கும் கேவிட்டிக்கும் பி20, சட்டத்துக்கு சி45. இதற்குக் கீழே இறங்காதீர்கள், மேலே போகவும் இப்போது அவசியமில்லை.

கேவிட்டி அளவில்தான் புதிதாக வருபவர்கள் ஏமாறுகிறார்கள். பாலிபுரொப்பிலீன் 1 முதல் 2.5 சதவீதம் வரை சுருங்கும். 1.5 என்று எடுத்தால், 120 மி.மீ. மூடிக்குக் கேவிட்டியை ஏறக்குறைய 121.8 மி.மீ. வெட்ட வேண்டும். நாளைக்கே யாராவது "இதே டையில் ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் போட்டுக் கொடுங்கள்" என்றால், அது அரை சதவீதம்தான் சுருங்கும். மூடி 121.2 மி.மீ. வரும், டப்பாவில் தொளதொளக்கும். ஒரு டை ஒரு மெட்டீரியலுக்குத்தான். எந்தக் கிரேடு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். மசாலா என்பதால் உணவுக்கு உகந்த கிரேடு வேண்டும். ஐ.எஸ். 10910 தரச் சான்று உள்ள மெட்டீரியலைச் சப்ளையரிடம் கேளுங்கள். வெளியிலிருந்து வாங்கும் ரீசைக்கிள் குருணை இந்த வேலைக்குள் வரவே கூடாது. டப்பா ஃபிரிட்ஜுக்குள் போகும் என்றால் ஹோமோபாலிமர் வகை பாலிபுரொப்பிலீன் வேண்டாம், பூஜ்ய டிகிரிக்குப் பக்கத்தில் அது கீழே விழுந்தால் உடையும். கோபாலிமர் வாங்குங்கள். நைலானுக்குப் பண்ணுகிற மாதிரி மணிக்கணக்கில் உலர்த்தத் தேவையில்லை, பாலிபுரொப்பிலீன் ஈரம் உறிஞ்சாது.

டை வந்து டிரையல் எடுக்கும் நாளில் நீங்கள் கட்டாயம் பக்கத்தில் நில்லுங்கள். பேரல் 200 முதல் 240 டிகிரிக்குள். முதலில் ஹோல்டிங்கைப் பூஜ்யம் வைத்து, மூடி அரைகுறையாக வரும்படி சில ஷாட். கொஞ்சம் கொஞ்சமாக அளவைக் கூட்டி, 95 முதல் 98 சதவீதம் நிறையும் இடத்தில் ஹோல்டிங்குக்கு மாற வேண்டும். இரண்டு கேவிட்டியும் ஒரே மாதிரி நிறைகிறதா என்பதும் இந்த அரைகுறை மூடிகளில்தான் தெரியும். பிறகு ஹோல்டிங் நேரம். இதை யாரும் குத்துமதிப்பாக வைக்க விடாதீர்கள். நகைக்கடைத் தராசு ஒன்று கொண்டுபோங்கள். 2 வினாடி, 3 வினாடி, 4 வினாடி, 5 வினாடி என்று கூட்டிக்கொண்டே மூடியை மட்டும், ரன்னர் இல்லாமல், எடை போடுங்கள். எடுத்துக்காட்டாக 17.6, 17.9, 18.05, 18.06 கிராம் என்று வந்தால், 4 வினாடியில் கேட் உறைந்துவிட்டது. அதற்குமேல் அழுத்துவது வீண். 3 வினாடியில் விட்டால் மெட்டீரியல் திரும்பி வெளியேறும், மூடி ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும், நடுவில் பள்ளமும் விழும். அவர்களுடைய இப்போதைய சப்ளையர் கோரில் தண்ணி வைத்திருந்தால், அவர் சறுக்கியது இங்கேயாக இருக்கலாம்.

பிசிறு வந்தால் ஆபரேட்டர்கள் உடனே டன்னேஜை ஏற்றுவார்கள். வேண்டாம். ஹோல்டிங்குக்கு மாறுவது தாமதமாகிறதா, டை முகம் சுத்தமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் காற்றுப் போகும் வழி நசுங்கும். அடைபட்ட காற்று அழுத்தத்தில் சூடாகி, மெட்டீரியல் கடைசியாக நிறையும் இடத்தைக் கருக்கிவிடும்.

இதெல்லாம் கையில் பழகிய பிறகு மெஷினுக்கு வாருங்கள். இடையில் நேரம் கிடைத்தால், சென்னை கிண்டியில் 1968 முதல் இயங்கும் மத்திய அரசின் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட்டில் குறுகிய காலப் பயிற்சி உண்டா என்று விசாரியுங்கள். மதுரையிலும் அவர்களுக்கு மையம் இருக்கிறது.

பழைய மெஷின் பார்க்கப் போகும்போது உங்கள் டையையே லாரியில் ஏற்றிக்கொண்டு போங்கள். இரண்டு மூடியும் ரன்னரும் சேர்ந்து ஏறக்குறைய 42 கிராம் வரும். மெஷின் பெயர்ப்பலகையில் இருக்கும் ஷாட் எடை பாலிஸ்டைரீனுக்கானது. பாலிபுரொப்பிலீனுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள். 130 கிராம் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு 100 கிராம் சொச்சம், அதில் நீங்கள் எடுப்பது பாதிக்கும் கீழே, நல்ல அளவு. 300 கிராம் மெஷினைத் தலையில் கட்டப் பார்த்தால், மெட்டீரியல் பேரலிலேயே கிடந்து கெடும் என்று சொல்லி மறுத்துவிடுங்கள். ஒரு மணி நேரம் ஓட்டச் சொல்லி, ஒவ்வொரு ஷாட்டிலும் ஸ்க்ரூ முன்னே நிற்கும் இடத்தை, அதாவது குஷன் எண்ணை, எழுதி வாருங்கள். ஹோல்டிங்கின்போது அந்த எண் நிற்காமல் கரைந்துகொண்டே போனால், ஸ்க்ரூ முனையில் மெட்டீரியல் பின்னால் ஓடாமல் தடுக்கும் செக் ரிங் தேய்ந்துவிட்டது. அதை மாற்றும் செலவைப் புரோக்கர் சொன்ன விலையில் கழித்துப் பேசுங்கள். ஓட்டிக் காட்ட மாட்டேன் என்றால் வேறு மெஷின் பாருங்கள்.