நகையை வைக்காதீர்கள் அம்மா, மகன் கையைப் பாருங்கள்

பிளஸ் டூ முடித்த மகன் கிரிக்கெட்டே கதி என்று கிடக்கிறான், அவன் மாமா மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் பேசி வைத்திருக்கிறார், நகையை அடகு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலைப்படாதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், மனம் வரவில்லை. நகையை வைக்காதீர்கள். அவனுக்கு ஒட்டாத படிப்புக்குக் கடன் வேண்டவே வேண்டாம். அதே கடனில் கிரிக்கெட் அகாடமியும் வேண்டாம்.

தெருப் பையன்களின் பேட்டுக்கெல்லாம் இவன்தான் நூல் சுற்றி எண்ணெய் தடவுகிறான் என்று போகிற போக்கில் எழுதியிருந்தீர்கள். என் கண் அங்கேதான் நின்றது.

ஜி.எம். ஸ்டிக்கர் ஒட்டிய பேட்டை அவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அதில் ‘ஜி’ என்பது வில்லியம் கன். 1858-இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் பிறந்தவர், சம்பளத்துக்கு ஆடியவர். 1890-இல் லார்ட்ஸில் ஆஸ்திரேலியர்களுக்கு எதிராக 228 ரன் குவித்தார். ஆனால் முதல் டெஸ்ட் ஆடுவதற்கு முன்பே, 1885-இல், மூர் என்பவரோடு சேர்ந்து விளையாட்டுச் சாமான் தொழிலைத் தொடங்கிவிட்டார். 1896-இல் லண்டன் ஓவல் மைதானத்தில் நடந்த டெஸ்டுக்குச் சம்பளம் 10 பவுண்டு போதாது, 20 வேண்டும் என்று இங்கிலாந்து வீரர்கள் ஐந்து பேர் கேட்டார்கள். மூன்று பேர் இறங்கி வந்தார்கள். மீதி இருவர், கன்னும் லோமனும், ஆடவே இல்லை. கன்னுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்தது தொழில்தான் என்பது என் எண்ணம்.

பேட் வேலையைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். வில்லோ மரக்கட்டையில் கிரெயின், அதாவது மர ரேகை, பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். முகத்தை பிரஸ்ஸில் அழுத்த வேண்டும், அதிகம் அழுத்தினால் பந்து பறக்காது. பிரம்புக் கைப்பிடியை வி வடிவ வெட்டில் இறுக்கிப் பசை போட வேண்டும். அப்புறம் இழைப்புளியால் சீவிச் சீவி எடை பிடிக்க வேண்டும். ஒரு சீவல் கூடினாலும் பேலன்ஸ் போய்விடும். அதற்கு மேல் ஆளிவிதை எண்ணெய், மரச்சுத்தியல் தட்டு. மீரட்டிலும் ஜலந்தரிலும் இந்தத் தொழிலால் எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன.

சரி, இப்போதைக்கு அரசுக் கல்லூரியில் பி.காம். போடுங்கள், செலவு குறைவு, கணக்கும் கைக்கு வரும். சனி, ஞாயிறு ஒரு விளையாட்டுச் சாமான் கடையின் ரிப்பேர் மேசையில் உட்காரட்டும். ஒரு வருடம் கழித்தும் அவனுக்கு அந்த ஆசை இருந்தால் மீரட்டைப் பற்றிப் பேசுவோம். மாமா வரும்போது அவனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள், அவன் வாழ்க்கை அது. என்னைப் பார்க்க வரும்போது, அவன் கையால் நூல் சுற்றிய பேட் ஒன்றை எடுத்துவரச் சொல்லுங்கள்.