டாக்டரிடம் எதற்குத் தலையாட்டினீர்கள்?

கேள்வி: எனக்கு வயது 29. கல்யாணமாகி மூன்று வருடம். குடியாத்தத்தில் மாமியாருடன் இருக்கிறேன். நீர்க்கட்டி என்று சொல்லி, முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை கொடுத்தார்கள். முதல் மூன்று மாதம் ஸ்கேன் எதுவும் இல்லாமல் 2.5 மி.கி., பிறகு 5 மி.கி. போன மாதம் ஸ்கேனில் முட்டை 19 மி.மீ. என்றார்கள், செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு ஊசி போட்டார்கள். அப்படியும் கரு நிற்கவில்லை. கணவருக்கு பெங்களூரில் வேலை. சனிக்கிழமை ராத்திரி வந்து ஞாயிறு மதியம் கிளம்புவார். ‘சேர்ந்துதானே இருக்கீங்க?’ என்று டாக்டர் கேட்டபோது, மாமியார் பக்கத்தில் இருந்ததால் தலையாட்டிவிட்டேன். கார்த்திகைக் கடை ஞாயிறுக்கு விரிஞ்சிபுரம் போய்க் குளத்தில் முழுகி ஈரப்புடவையோடு கோயிலில் படுத்தேன். கணவரும் திங்கள்கிழமை லீவு போட்டு உடன் வந்தார். மாத்திரை எனக்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? டெஸ்ட் டியூபுக்குப் போய்விடலாமா?

– வாசகி, குடியாத்தம்

பதில்: மாத்திரை கேட்டிருக்கிறது அம்மா. 19 மி.மீ. முட்டை (முட்டை இருக்கும் பையைத்தான் அப்படிச் சொல்வார்கள்) வேறு எப்படி வந்தது? அந்த முட்டை வெளியே வந்த நேரத்தில் உங்கள் கணவர் எந்த ஊரில் இருந்தார் என்பதுதான் கேள்வி.

கணக்குப் போடுங்கள். செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு ஊசி. அது போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் பை வெடித்து முட்டை வெளியே வரும், அதாவது வியாழக்கிழமை காலை. வந்த முட்டைக்கு ஆயுள் 12 முதல் 24 மணி நேரம். வெள்ளிக்கிழமை காலையோடு அந்த மாதக் கதை முடிந்தது. அவர் பை மாட்டிக்கொண்டு குடியாத்தத்தில் இறங்கியது சனிக்கிழமை ராத்திரி. முந்தைய ஞாயிற்றுக்கிழமை இருந்ததை நம்பலாமா என்றால், விந்தணு ஐந்து நாள் வரை தாக்குப்பிடிக்கலாம்தான், ஆனால் பெரும்பாலானவை இரண்டு மூன்று நாளிலேயே ஓய்ந்துவிடும். முட்டை வருவதற்கு முந்தைய இரண்டு நாளும் வருகிற நாளும்தான் பலன் தருபவை. உங்களுக்கு அவை செவ்வாய், புதன், வியாழன். அந்த மூன்று நாளும் அவர் பெங்களூரில்.

இதை டாக்டரிடம் மறைத்தீர்கள். அவரும் பாவம், மாத்திரை போதவில்லை என்று நினைத்து டோஸை இரட்டிப்பாக்கிவிட்டார். முட்டை வளரவில்லை என்றால்தான் டோஸை ஏற்ற வேண்டும். கணவர் ஊரில் இல்லாததற்கு எந்த டோஸும் மருந்தாகாது. லெட்ரோசோல் உடம்பில் ஈஸ்ட்ரோஜனைக் குறைத்து, முட்டையை வளர்க்கும் ஹார்மோனை மூளை கூடுதலாகச் சுரக்கும்படி செய்கிறது. தேவையில்லாமல் ஏற்றினால் ஒன்றுக்கு இரண்டு மூன்று முட்டை முதிரலாம். அப்புறம் இரட்டைக் கர்ப்பம், குறைப்பிரசவம் என்று வேறு கவலை வரும்.

விரிஞ்சிபுரம் போனதைக் குறை சொல்ல மாட்டேன். வேலூர்ப் பக்கத்துப் பெண்கள் பிள்ளை வரம் கேட்டுத் தலைமுறை தலைமுறையாகக் கடை ஞாயிறுக்கு முழுகிப் படுக்கிற கோயில் அது. என் கோபம் அந்தத் திங்கட்கிழமை லீவின் மேல்தான். சாமிக்கு ஒரு நாள் லீவு எழுதிக் கொடுக்க முடிந்தவருக்கு, 19 மி.மீ. முட்டைக்கு இரண்டு நாள் எழுதிக் கொடுக்க முடியாதா? நீங்கள் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேட்டிருக்க மாட்டீர்கள். மாமியார் முன்னால் இதைப் பேசுவதா என்ற கூச்சம். ‘விசேஷம் ஏதும் உண்டா’ என்று தெருவே கேட்கும்போது யாருக்கும் கூச்சமில்லை, உங்களுக்கு மட்டும் ஏன்?

அடுத்த முறை டாக்டரிடம் கணவரோடு போங்கள், மாமியார் வீட்டில் இருக்கட்டும். ‘அவர் வாரக்கடைசியில்தான் வருவார், இதுவரை சொல்லவில்லை’ என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். டோஸைக் குறைப்பதா என்று டாக்டர் முடிவு செய்வார். பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள்.

வீட்டுக்குத் தூரமான முதல் நாளே கணவருக்கு போன் போக வேண்டும். மாத்திரை டாக்டர் சொன்ன ஐந்து நாளும், தினம் ஒரே நேரத்தில். பத்தாம் நாள் வாக்கில் ஸ்கேனைத் தொடங்கினால் முன்கூட்டியே தெரிந்துவிடும்: முட்டை நாளுக்கு ஒன்றரை இரண்டு மி.மீ. வளரும். 14 என்று பார்த்த அன்று ராத்திரியே அவர் லீவு சொல்லிவிட்டு வண்டி ஏறலாம், 18-ஐத் தொட இரண்டு மூன்று நாள் இருக்கும். ஊசி போட்ட ராத்திரியும் அடுத்த இரண்டு நாளும் அவர் குடியாத்தத்தில் இருக்கட்டும். வாரம் முழுக்கச் ‘சேர்த்து வைத்தால்’ வீரியம் கூடும் என்பது வெறும் பேச்சு.

ஊசிக்குப் பிறகு பொறுமை வேண்டும். அந்த ஊசியே எச்.சி.ஜி., அதாவது கர்ப்பம் பார்க்கும் கார்டு தேடுகிற ஹார்மோன். அவசரப்பட்டு ஏழெட்டு நாளில் கார்டு பார்த்தால் ஊசி மருந்தே இரண்டு கோடு காட்டிவிடும், வீடே சர்க்கரை வாங்க ஓடும். பதினான்கு நாள் கழித்துப் பாருங்கள். வயிறு உப்பி, வாந்தி, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் என்று வந்தால் வாயு என்று ஓமத்தண்ணீர் குடிக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கணவருக்கு விந்துப் பரிசோதனை ஆனதா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. உங்களுக்கு முதல் மாத்திரை தருவதற்கு முன்பே செய்திருக்க வேண்டியது. இரண்டு முதல் ஏழு நாள் இடைவெளி விட்டு, வேலூரில் லேபிலேயே கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் எடுத்துப் பஸ்ஸில் கொண்டுபோனால் ஒரு மணி நேரம் தாண்டிவிடும், கணக்கு தப்பாக வரும்.

டெஸ்ட் டியூப் இப்போது வேண்டாம். நாள் பார்த்து, ஆளும் ஊரில் இருந்து, ஒழுங்காக ஒரு மாதம்கூட நீங்கள் முயற்சி செய்யவில்லை. அவர் ரிப்போர்ட் சரியாக இருந்து, இப்படி ஐந்தாறு மாதம் பார்த்தும் நிற்கவில்லை என்றால் கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்று வெளிப்படையாகவே சொல்கிறேன், மாமியாருக்குப் பிடிக்காது. கல்யாணமானவர்கள் ஒரே கூரையின் கீழ்தான் இருக்க வேண்டும். அம்மாவுக்குத் துணை வேண்டும் என்றால் அது மகனின் கடமை. மருமகளை நிறுத்திவிட்டு மகன் பெங்களூரில் பி.ஜி.யில் படுப்பதற்குக் கடமை என்று பெயரில்லை. வாடகைக்கு ஒரு அறை பார்க்கச் சொல்லுங்கள். மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள், வர மறுத்தால் மாதம் இரண்டு முறை குடியாத்தம் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரிலும் ஸ்கேன் எடுக்கிறார்கள்.